எந்தக் கணினி என்பதை உங்கள் பிரிண்டரும் எழுத்துருவும் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்தால் நாளிதழ்களில் மடிக்கணினி விளம்பரங்கள் முழுப் பக்கத்துக்கு வருகின்றன. கூடவே 'எதை வாங்கலாம்' என்ற ஒப்பீட்டுப் பட்டியல்களும் வருகின்றன. பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, திரை அளவு, விலை என்று ஐந்தாறு கட்டங்கள். வாங்கியவர் மூன்றாம் மாதம் தலையில் கை வைத்து உட்காருவது பெரும்பாலும் இந்தக் கட்டங்களால் அல்ல. டிஜிட்டல் கையெழுத்து போடும் யுஎஸ்பி டோக்கனுக்கு, அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் கிடைக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேசர் பிரிண்டர் அசைய மறுக்கிறது. பத்து ஆண்டு சேர்த்த தமிழ்க் கோப்புகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. மூன்றாம் செமஸ்டரில் வரும் மென்பொருளுக்கு அந்த இயங்குதளத்தில் பதிப்பே இல்லை. விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்பதை முதலில் முடிவு செய்து, பிறகுதான் எந்த மாடல் என்று பார்க்க வேண்டும். அந்த முதல் முடிவுக்கு உதவும் விவரங்களை இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வாங்குவோருக்கு மட்டுமல்ல, பழைய கணினி வைத்திருப்போருக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனாளர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, இவற்றிலிருந்து மேலே இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் செக்யூர் பூட் பாதுகாப்பும் வேண்டும். 'உங்கள் கணினி தகுதியற்றது' என்று திரையில் வந்ததுமே புதுக்கணினி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பிராசசர் 8ஆம் தலைமுறையாக இருந்தும் பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்பில்) டிபிஎம் அணைந்து கிடப்பது மிகவும் சாதாரணம். இன்டெல் போர்டில் அது 'பிடிடி' என்ற பெயரில் இருக்கும், ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில். அதை இயக்கினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறையில் இருப்பது. விண்டோஸிலேயே இருக்கும் 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி, கோப்புகளை அழிக்காமல் அதை ஜிபிடி முறைக்கு மாற்றித் தரும். முதலில் சரிபார்க்கும் கட்டளை, அது தேறினால் மாற்றும் கட்டளை, பிறகு பயாஸில் லெகசி என்ற பழைய தொடக்க முறையை யுஇஎஃப்ஐ ஆக்குவது என்பதே வரிசை. வரிசை தப்பினால் கணினி பூட் ஆகாது. எதற்கும் கோப்புகளைத் தனி டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, அடுத்த நான்கு ஆண்டுகளில் கட்டாயம் ஓட வேண்டிய மென்பொருள்கள், கணினியோடு செருகப்போகும் கருவிகள், ஏற்கெனவே கையில் இருக்கும் கோப்புகள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.

மென்பொருளில், பொறியியல் மாணவர்கள் கல்லூரியின் ஆய்வகப் பாடப் பட்டியலை வாங்கிப் பார்க்க வேண்டும். சிவில் பிரிவில் வரும் ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ், ரெவிட் மூன்றும் விண்டோஸில் மட்டுமே ஓடுபவை. மெக்கானிக்கலில் சாலிட்வொர்க்ஸும் அப்படியே. ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு. ஆனால் விண்டோஸ் பதிப்பில் உள்ள எல்லா வசதியும் அதில் கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் கெய்ல் மைக்ரோவிஷன், புரோட்டியஸ், மல்டிசிம் ஆகியவை விண்டோஸ் மென்பொருள்கள்; எஃப்பிஜிஏ பயிற்சிக்கான விவாடோ விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், மேக்கில் ஓடாது. மேட்லேப் மூன்றிலும் ஓடும். கணினி அறிவியல் மாணவருக்கு மூன்றுமே சரிப்படும், இரண்டு விலக்குகளோடு. ஐபோன் செயலி எழுத வேண்டுமானால் எக்ஸ்கோட் வேண்டும், அது மேக்கில் மட்டுமே உண்டு. என்விடியாவின் குடா நிரலாக்கம் வேண்டுமானால் என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணினி வேண்டும்; இன்றைய மேக் எதிலும் அது நடக்காது. கலை, சட்டம், வணிகவியல் பயில்வோரை இந்தப் பட்டியல் எதுவும் கட்டிப்போடவில்லை. அவர்கள் விலையையும் பேட்டரியையும் பார்த்தே வாங்கலாம்.

கணக்கு வேலை செய்வோர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டேலி பிரைம் விண்டோஸுக்கானது. மேக்கில் ஓட்ட வேண்டுமானால் பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குத் தனிக் கட்டணம், அதற்குள் போடும் விண்டோஸுக்குத் தனி உரிமம் என்று செலவு இரட்டிக்கிறது. அந்த விண்டோஸும், இன்டெல், ஏஎம்டி அல்லாத ஆர்ம் வகைச் சில்லுக்கான பதிப்பு என்பதால், டேலி ஓடினாலும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அங்கே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஜிஎஸ்டி தளத்தைத் திறக்க எந்த உலாவியும் போதும். ஆனால் கம்பெனிகளும் எல்எல்பிகளும் டிஜிட்டல் கையெழுத்தால்தான் ஒப்பமிட வேண்டும். அதற்குக் கணினியில் எம்சைனர் என்ற சிறு மென்பொருளும், டோக்கனுக்கான டிரைவரும் வேண்டும். தனிநபர் வணிகர், பங்குதாரர் நிறுவனம் போன்றோர் கைப்பேசிக்கு வரும் ஓடிபி மூலமே ஒப்பமிடலாம். ஆகவே ஒரே தொழில், ஒரே வருமானம் என்றாலும் நிறுவனத்தின் வகையைப் பொறுத்து இயங்குதளத் தேர்வு மாறுகிறது. இதை எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை. ஆதார் கைரேகைக் கருவி வைத்துச் சேவை மையம் நடத்துவோர் விண்டோஸை விட்டு நகர வேண்டாம்; அந்தக் கருவிகளோடு வரும் சேவை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியே இருக்கிறது.

விண்டோஸ் என்று முடிவானாலும் அதற்குள்ளேயே ஒரு பிரிவு இருக்கிறது. 2024 ஜூன் முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்ற ஆர்ம் வகைச் சில்லோடு வரும் விண்டோஸ் மடிக்கணினிகள் கடைகளில் உள்ளன. பேட்டரி நீடிக்கும், சூடு குறைவு, நல்ல கணினிகள்தான். இன்டெல்லுக்காக எழுதிய சாதாரண மென்பொருள்களை அவை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை மட்டும் அப்படி மொழிபெயர்க்க முடியாது. பழைய பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன், மென்பொருளுக்கான யுஎஸ்பி டாங்கிள் ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளரே ஆர்ம் டிரைவர் வெளியிட்டிருந்தால்தான் உண்டு. பெட்டியில் 'விண்டோஸ் 11' என்று ஒரே மாதிரி அச்சிட்டிருப்பதால் இந்த வேறுபாடு வாங்குவோர் கண்ணில் படுவதில்லை. அதேபோல் சில மலிவு மாடல்களில் விண்டோஸ் 'எஸ் மோடு' என்ற நிலையில் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே உள்ள எதையும் நிறுவ விடாது. அதிலிருந்து வெளியேறக் கட்டணம் இல்லை, திரும்பிப் போக முடியாது, அவ்வளவுதான்.

தமிழில் வேலை செய்வோர் இனி வரும் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

தமிழக அரசு 2010இல் யுனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக ஏற்றது. அதற்கு முன் பாமினி, வானவில், டாம், டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையில்) அடித்துக் குவித்த கோப்புகள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. இவற்றில் பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எழுத்துரு கோப்பை மேக்கிலோ லினக்ஸிலோ நிறுவினால் பார்க்க முடியும். படிப்பதும் அச்சிடுவதும் பெரும்பாலும் நடக்கும். அடிப்பதுதான் சிக்கல். என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை போன்ற, நம் தட்டச்சர்களின் கைக்குப் பழகிப்போன கருவிகள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001இல், அதோடு நின்றுவிட்டது, யுனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. அதை நம்பியிருக்கும் அச்சகம் விண்டோஸ் கணினி ஒன்றைத் தனியாக, இணையத்தில் இணைக்காமல், பழைய வேலைகளுக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. புது வேலைகளை யுனிகோடில் தொடங்க வேண்டும்.

பழைய கோப்பை யுனிகோடுக்கு மாற்றும்போது நேரும் பிழைகளும் குறிப்பானவை. கோப்பில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழென்று எண்ணிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும். முழுக் கோப்பையும் அள்ளிப் போடாமல், வேர்டின் தேடும் வசதியில் எழுத்துருப் பெயரைக் கொடுத்துத் தமிழ்ப் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். அடுத்து 'ர'வும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும். அதற்கடுத்து ஔகார வரிசை: 'கௌரி' என்பதைக் கொம்பும் 'ள'வும் சேர்த்து அடித்திருந்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் அகப்படாது. 'ஸ்ரீ' எழுத்துக்கும் யுனிகோடில் இரண்டு விதமான வரிசை புழக்கத்தில் உண்டு. 'ஸ்ரீரங்கம்' என்று தேடிப் பாதிப் பெயர்கள்தான் வந்தால் காரணம் இதுவே. வாக்காளர் பட்டியல் போல நீண்ட பெயர்ப் பட்டியல்களைக் கையாள்வோர் மாற்றிய அன்றே இவற்றைத் திருத்திவிட வேண்டும்.

யுனிகோடில் அடிப்பதற்கு மூன்று தளங்களிலும் இன்று உள்ளேயே விசைப்பலகை இருக்கிறது. விண்டோஸில் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் தேர்வுகளில் தமிழ்99 விசை அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். மேக்கில் விசைப்பலகை அமைப்பின் உள்ளீட்டுப் பட்டியலில் அஞ்சலும் தமிழ்99ம் இருக்கும். லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தொகுப்புகளையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சுப்பொறி அமைப்பு எல்லாம் கிடைக்கும். தட்டச்சுத் தேர்வு எழுதி, பழைய அமைப்பிலேயே விரல் ஓடுபவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் லினக்ஸ் மேக்கைவிட வசதியானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். தமிழ்99 பழகியவர்கள் கடையில் நின்று 'அப்பா', 'தங்கம்', 'பக்கம்' என்று அடித்துப் பாருங்கள். இரண்டாவது மெய் வந்ததும் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். அது எல்லாச் செயலியிலும் ஒழுங்காக நடக்கிறதா என்று வேர்டிலும் உலாவியிலும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

எழுத்துரு தரும் இன்னொரு தொல்லை பக்க எண்ணிக்கை. விண்டோஸில் லதாவிலோ நிர்மலாவிலோ வடிவமைத்த 40 பக்க ஆவணத்தை லினக்ஸில் திறந்தால் அந்த எழுத்துரு இல்லாததால் வேறொன்று வந்து அமரும். அகலம் மாறும், வரி உடையும் இடம் மாறும், பொருளடக்கத்தில் உள்ள பக்க எண்கள் எல்லாம் தப்பும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கவிவனார், முக்த மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்றை எல்லாக் கணினியிலும் நிறுவி, அதிலேயே தொடங்கினால் இந்த வேலை மிச்சம். வடிவமைப்பாளர்களுக்கு ஒரு குறிப்பு: போட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் தமிழ் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது விண்டோஸ், மேக் வேறுபாட்டால் அல்ல. இரண்டிலும் பெயரில் 'வேர்ல்டு ரெடி' என்று வரும் எழுத்தமைப்பு முறையைத் தேர்ந்தெடுக்காததால்தான். போட்டோஷாப்பில் விருப்பங்களின் எழுத்துப் பகுதியிலும், இன்டிசைனில் பத்திப் பலகையின் மெனுவிலும் அது இருக்கிறது. இதற்காகக் கணினியையே மாற்ற வேண்டியதில்லை. லினக்ஸில் அடோபி மென்பொருள்கள் இல்லை, இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6 தமிழை ஒழுங்காகக் கோர்க்கிறது, ஆனால் இன்டிசைன் கோப்பை வாங்கி வேலை செய்து அதே வடிவில் திருப்பித் தரும் தொழிலுக்கு அது உதவாது.

செருகும் கருவிகளில் பிரிண்டரே பெரிய தடைக்கல். ஏர்பிரின்ட், மோப்ரியா என்று பெட்டியில் போட்டிருந்தால் மூன்று தளங்களிலும் டிரைவர் இல்லாமலே அச்சாகும். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் என்ற பொதுவான அச்சு மொழிகள் தெரிந்த அலுவலக பிரிண்டர்களும் தொல்லை தருவதில்லை. நம் ஜெராக்ஸ் கடைகளிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் கேனான் எல்பிபி 2900 போன்ற சிறு லேசர்கள் தமக்கென்று தனி மொழி பேசுபவை. பக்கத்தை வரைந்து தருவது கணினியின் டிரைவர்தான், பிரிண்டருக்குத் தன்னறிவு குறைவு. லினக்ஸில் அவற்றுக்கான டிரைவர் பழையது; நிறுவினாலும் ஒரு மேம்படுத்தலுக்குப் பின் நின்றுபோகும். அந்த பிரிண்டரைத்தான் வைத்துக்கொள்வது என்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி விண்டோஸே வழி. எச்பி பிரிண்டர்களுக்கு லினக்ஸில் எச்பிலிப் என்ற தொகுப்பு நன்றாகவே பாடுபடுகிறது. கடைகளின் தெர்மல் பிரிண்டர்களில் தமிழ் எழுத்து பொதுவாகப் படமாகத்தான் அனுப்பப்படுகிறது. ஆகவே ஆங்கில பில் வந்துவிட்டது என்று திருப்திப்படாமல், தமிழ்ப் பெயருள்ள ஒரு பொருளைப் போட்டு அடித்துப் பாருங்கள்.

வெளி டிஸ்க் வைத்திருப்போர் மேக்குக்குப் போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் பயன்படுத்திய டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும். மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. இரண்டிலும் பயன்படுத்த எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் உள்ளிருப்பது அழியும். எனவே முதலில் நகலெடுக்க வேறிடம் வேண்டும்.

மேக்கின் நிறைகளைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. 2020 நவம்பரில் எம்1 சில் வந்ததிலிருந்து அதன் வேகமும் பேட்டரியும் விசிறிச் சத்தமில்லாத அமைதியும் உண்மையான நன்மைகள். எழுத்துப்பணி, ஒளிப்பட, ஒலி, காணொளித் தொகுப்பு செய்வோருக்கு மனமாரச் சொல்லலாம். ஆனால் ரேமும், மேக்புக் ஏர் மாடலில் எஸ்எஸ்டியும், வாங்கிய அன்று எவ்வளவோ கடைசி வரை அவ்வளவே. 2024 அக்டோபரில்தான் ஏர் மாடலின் குறைந்தபட்ச ரேம் 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி ஆனது. அதற்கு முந்தைய 8 ஜிபி மாடல்கள் தள்ளுபடியில் வந்தால் நான்காண்டுப் படிப்புக்கு அவற்றைத் தவிர்ப்பது நல்லது. 2025 மார்ச்சில் எம்4 ஏர் இங்கே ரூ.99,900க்கு அறிமுகமானது, அதோடு யுஎஸ்பி-ஏ, எச்டிஎம்ஐ துளைகளுக்கான ஹப்பும், காப்பு நகலுக்கான வெளி டிஸ்க்கும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் உங்கள் மாவட்டத் தலைநகரிலாவது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மேக் வாங்குவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். இன்டெல் சில் உள்ள மேக்குகளுக்கு 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. அதுவும் இன்டெல் மேக்குகளில் கடைசிச் சில மாடல்களுக்கே. சந்தையில் அவை மலிவாகக் கொட்டுவது இதனால்தான். இரண்டாவது, வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிட்ட கணினிகள் நம் ஊர்ப் பழைய பொருள் சந்தைகளுக்கு வருகின்றன. விற்பவர் முன்னிலையில் எல்லாவற்றையும் அழித்து, வைஃபையில் இணைத்து, முதலிலிருந்து அமைக்கச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கைக் கேட்டாலோ, 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்ற திரை வந்தாலோ பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பூட்டைக் கழற்ற வேண்டியவர் அந்த நிறுவனத்தின் நிர்வாகி, கடைக்காரரால் முடியாது.

லினக்ஸைப் பொறுத்தவரை, வாங்காமலே ஓட்டிப் பார்க்கலாம் என்ற பெரிய வசதி இருக்கிறது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற கருவி மூலம் லினக்ஸ் வகைகளான லினக்ஸ் மின்ட் 22 அல்லது உபுண்டு 24.04 பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் 2029 வரை ஆதரவு உண்டு. கணினியை இயக்கியவுடன் எச்பி என்றால் எஃப்9, டெல், லெனோவா என்றால் எஃப்12, ஆசஸ் என்றால் எஸ்கேப் விசையைத் தட்டிப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஏசரில் எஃப்12ஐ முதலில் பயாஸில் இயக்கி வைக்க வேண்டியிருக்கும். 'நிறுவு' என்பதைத் தொடாதவரை டிஸ்கில் எதுவும் மாறாது. ஒரு மணி நேரம் போதும்: வைஃபை பிடிக்கிறதா, ஒலி, கேமரா, மைக், திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா. கடைசியாக மூடியைச் சாத்தி 10 நிமிடம் கழித்துத் திறங்கள். கறுப்புத் திரையோடு நின்றுவிட்டால் அந்த மாடல் லினக்ஸுக்குத் தோதில்லை என்று பொருள். வேறு எதையும்விட இந்தச் சோதனையில்தான் மடிக்கணினிகள் தோற்கின்றன.

நிறுவும்போது நேரும் தவறுகள் மூன்று. முதலாவது பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றியதும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் தன் மின்னஞ்சலில் கணக்கு தொடங்கி அமைத்துக் கொடுத்திருந்தால் உங்கள் கோப்புகளின் சாவி அவரிடம் இருக்கிறது. லினக்ஸ் போடாதவர்களும் இதை இன்றே பார்த்துச் சாவியைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, லினக்ஸ் நிறுவிக்கு டிஸ்க்கே தெரியாமல் போவது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல கணினிகளில் விஎம்டி அல்லது ரெய்டு என்ற அமைப்பு இயங்குவதே காரணம். பயாஸில் அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸை முதலில் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் எழாது. மூன்றாவது, என்விடியா டிரைவர். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வந்து அதே சொல்லைக் கேட்கும். அவசரத்தில் 'தொடர்க' என்று தட்டிவிட்டால் டிரைவர் ஏறாது, கிராஃபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கும்.

இவற்றுக்குத் தயாராக இருந்தால், விண்டோஸ் 11 ஏற்காத இன்டெல் 6, 7ஆம் தலைமுறை கணினிகளுக்கு லினக்ஸ் மறுவாழ்வு. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டி, ரேமை 8 ஜிபி ஆக்கினால் பள்ளி மாணவருக்கும், வீட்டு இணைய வேலைக்கும் தாராளம். தமிழகத்துக்கு இது புதிதும் அல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தார்கள். அது வீட்டுக்கு வர இருக்கிறதென்றால் சொந்தப் பணத்தில் வாங்கப்போவது எதற்கு என்பதையும் யோசிக்க வேண்டும்.

பெரிய அளவில் மாறியவர்களின் அனுபவமும் முன்சொன்ன தாளையே சுட்டுகிறது. கேரளப் பள்ளிகளில், அம்மாநில அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தானே தொகுத்த லினக்ஸ் ஓடுகிறது. 2024இல்கூடப் புதிய பதிப்பு வெளியிட்டார்கள். பாடநூலும் தேர்வும் ஆசிரியர் பயிற்சியும் அந்த மென்பொருள்களையே சுற்றி அமைந்திருப்பதால் அது நிலைத்தது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2013க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப மன்றம் முடிவு செய்தது. அரசியலும் அதில் உண்டு. ஆனால் துறைசார்ந்த மென்பொருள்கள் பல விண்டோஸுக்கே இருந்ததும், வெளியாரோடு ஆவணப் பரிமாற்றம் கசங்கியதும் நாள்தோறும் உறுத்திய காரணங்கள்.

கூகுளின் இயங்குதளத்தோடு வரும் குரோம்புக் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. உலாவியில் முடியும் வேலைக்கு நல்லது. 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்கு 10 ஆண்டு மேம்படுத்தல் உண்டு. அந்த 10 ஆண்டு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை என்பதால், அமைப்புகளில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு வாங்கவும்.

விலையில் இன்னும் ஒன்று. 'டாஸ்' என்று குறிப்பிட்டு விண்டோஸ் இல்லாமல் விற்கும் மடிக்கணினிகள் சில ஆயிரம் மலிவு. லினக்ஸ் போடுவோருக்கு அது நேரான லாபம். விண்டோஸ்தான் வேண்டும் என்போர், இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாவிகளை நம்பி இதை வாங்கக் கூடாது. அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து பிரித்து விற்பவை. எப்போது வேண்டுமானாலும் செல்லாமல் போகும். கூடவே 'ஆஃபிஸ் இலவசம்' என்றால் அது ஓராண்டுச் சந்தாவா, நிரந்தரப் பதிப்பா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

தங்கள் நாளிதழ் அடுத்த முறை ஒப்பீட்டுப் பட்டியல் வெளியிடும்போது நான்கு கட்டங்களைக் கூட்டிப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: சில் இன்டெல்/ஏஎம்டியா அல்லது ஆர்மா, ரேமைக் கூட்ட முடியுமா, ஆதரவு எந்த ஆண்டு வரை, அருகிலுள்ள சேவை மையம் எங்கே. வாசகர்கள் கடைக்குப் போகும்போது பென் டிரைவில் ஐந்து கோப்புகளை எடுத்துச் செல்லட்டும். அட்டவணையும் தமிழும் கலந்த ஒரு வேர்டு கோப்பு, மேக்ரோ உள்ள ஓர் எக்செல், நிரப்ப வேண்டிய ஒரு பிடிஎஃப் படிவம், பழைய எழுத்துருவில் உள்ள ஒரு கோப்பு, கைப்பேசியில் எடுத்த ஒரு காணொளி. காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் அவற்றைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு விலை பேசலாம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
திருச்சி